‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்’ ஆகிவிடுமா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, எங்கள் பக்கத்தில் இந்தக் குழப்பம் தபால்காரருக்கே உண்டு) ஓர் இளம் பெண் மருத்துவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 26. பத்தாம் வகுப்புவரை ஊர்ப் பள்ளியில் தமிழ் வழி. கேரளத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது எம்.டி. பொது மருத்துவம் முதல் ஆண்டு. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, தோப்பின் மேல் கடனும் இருக்கிறது. நரம்பியல் வார்டில் போஸ்டிங் இருந்த ஒரு மாதத்தில், இனி இதுதான் என் வேலை என்று முடிவு செய்துவிட்டார். நோயாளிக்கு மருந்து எழுதுவதோடு நிற்காமல், இந்த நோய் ஏன் இப்படி வருகிறது என்று தேடவும் ஆசை. ஆகவே டி.எம். நரம்பியலையும் (எம்.டி.க்கு மேல் படிக்கும் சிறப்புப் பட்டம்) பிஎச்.டி.யையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கூடப் படித்த ஒருவர், ‘அமெரிக்கா போனால் நாலே வருஷத்தில் ரெசிடென்சியும் ஆராய்ச்சியும் ஒன்றாக முடிந்துவிடும்’ என்று சொல்லி ஆசையைக் கிளப்பியிருக்கிறார் (ரெசிடென்சி என்பது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி). இதற்கு நடுவில் எம்.டி. தீசிஸ். வழிகாட்டி கொடுத்த தலைப்பு பிடிக்கவில்லை. ‘காசு கொடுத்தால் எழுதித்தர ஆள் இருக்கு, நீ பரீட்சைக்குப் படி’ என்கிறார் ஒரு சீனியர். ‘தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வருமா’ என்ற பயம் வேறு.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். வந்துபோன ஒரு குடும்பம், ‘பொண்ணு இன்னும் எத்தனை வருசம் படிக்கும்?’ என்று கேட்டதாம். அவர்கள் போன பிறகு அப்பா, கோபமில்லாமல், ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு ஆயிராதா சாமி?’ என்றாராம்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் அப்பா கேட்டதுதான் கடிதத்திலேயே கூர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தச் சேற்றில் நின்றவன் நான். வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக நரம்பியல் பார்க்கிறேன். ஆராய்ச்சியும் செய்ய நினைத்தேன், நடக்கவில்லை. டி.எம். முடித்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் ஆராய்ச்சிக்கு என்று வாயால் சொன்னார்கள். சில மாதங்களில் அது ஒரு நாளாயிற்று. அடுத்த ஆண்டு அந்த ஒரு நாளிலும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) ரிப்போர்ட் எழுத உட்காரவைத்தார்கள், ‘நீங்க இன்னைக்கு ஃப்ரீதானே டாக்டர்’ என்று. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதி வாங்காதது என் தப்பு.

அதனால் இந்தப் பதிலில் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச்சுற்றி வரப்போகிறேன். பட்டங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பது இரண்டாவது கவலை. முதல் கவலை நேரம். யாருடைய சம்பளத்தில், எந்தக் காகிதத்தின்படி, வாரத்தில் எத்தனை நாள் ஆராய்ச்சிக்கு உங்களுக்குக் கிடைக்கும்?

டி.எம்.மும் பிஎச்.டி.யும் ஒரே நேரத்தில்

நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் சொன்னது உண்மை. அந்த அனுமதி பிஎச்.டி.க்குப் பொருந்தாது என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. விதியை விடுங்கள், டி.எம். வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தவரை நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடலாம். நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போன் வரும்போது, ஆய்வகத்தில் என் செல்கள் காத்திருக்கின்றன என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்கு இதை அவர் பாஷையிலேயே சொல்லலாம். தென்னங்கன்று நட்ட முதல் ஏழெட்டு வருஷம் இடையில் வெயில் விழும், ஊடுபயிர் போடலாம். அப்புறம் மட்டை விரிந்து நிழல் கட்டிக்கொள்ளும். அந்த நடுக்காலத்தில் கீழே எதைப் போட்டாலும் சோகையாகத்தான் வரும். மரம் உயர்ந்து இருபது, இருபத்தைந்து வருஷம் ஆனபின் மறுபடி வெளிச்சம் இறங்கும், அப்போது வாழையும் ஜாதிக்காயும் செழிக்கும். உங்கள் எம்.டி. காலம் முதல் கட்டம், சின்னதாக ஓர் ஊடுபயிர் தாங்கும். டி.எம். மூன்று வருஷமும் நிழல் கட்டும் காலம். அப்போது பெரிதாக எதையும் விதைக்காதீர்கள். என்ன விதைக்கலாம் என்று குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, பிஎச்.டி. குறைந்தது மூன்று. பிஎச்.டி. மூன்றில் முடிவது அபூர்வம், நான்கு ஐந்து என்று வையுங்கள். எல்லாம் முதல் முயற்சியிலேயே கிடைத்தால் 32 வயதில் நரம்பியல் மருத்துவர், 36, 37-ல் பிஎச்.டி. இடையில் டி.எம். நுழைவுத் தேர்வான நீட்-எஸ்.எஸ். ஒரு தடவை கைவிட்டால் ஒரு வருஷம் கூடும். எம்.டி.க்கும் டி.எம்.முக்கும் நடுவில் பிஎச்.டி.யைச் செருகிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேண்டாம் என்பேன். நாலு வருஷம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்து பொது மருத்துவம் முழுவதையும் மறுபடி படித்து நுழைவுத் தேர்வு எழுதியவர்களை இரண்டு பேர் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஜெயித்தார். இன்னொருவர் இப்போது நல்ல பொது மருத்துவர், நரம்பியலைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராக ஆறு ஆண்டு டி.எம். சேரும் வழி தேசிய முக்கியத்துவ நிறுவனங்களுக்கான ஐ.என்.ஐ.-சி.இ.டி. தேர்வில் உண்டு. நீங்கள் அந்த வளைவைத் தாண்டிவிட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற ஜூனியர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பிஎச்.டி. இல்லாவிட்டால் மருத்துவர் விஞ்ஞானியாக முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய ‘இந்தியா அலையன்ஸ்’ அமைப்பில் மருத்துவர்களுக்கென்றே தனி ஆய்வு நல்கைகள் உண்டு. பிஎச்.டி. இல்லாத எம்.டி.க்காரர்களும் விண்ணப்பிக்கலாம். சம்பளம், ஆய்வுச் செலவு எல்லாம் அதிலிருந்து வரும். அதாவது உங்கள் நேரத்தை அவர்கள் விலை கொடுத்து வாங்கி உங்களிடமே தருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எம்.டி.யோடு பிஎச்.டி. சேர்த்துச் செய்கிறவர்களுக்கும், இளம் மருத்துவ ஆசிரியர்கள் பிஎச்.டி. செய்வதற்கும் உதவித் திட்டங்கள் வைத்திருக்கிறது. பிஎச்.டி. மாணவர்களுக்கான சாதாரண ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். டி.எம். முடித்த கையோடு தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு ஆடும். ஆடட்டும், இப்போதே ஆடிவிடுவது நல்லது. தோப்புக் கடனை யார், எந்த வருஷத்துக்குள் அடைக்கப் போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆராய்ச்சிக் கனவுகள் பாதி உடைவது அந்தத் தாள் இல்லாததால்தான்.

அமெரிக்காவின் நாலு வருஷம்

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அங்கே நரம்பியல் ரெசிடென்சி நாலு வருஷம். முதல் வருஷம் பெரும்பாலும் பொது மருத்துவம், பிறகு மூன்று வருஷம் நரம்பியல். எம்.டி. என்று தனியாக மூன்று வருஷம் செலவழிக்க வேண்டாம் என்பதால் குறுக்குவழி போலத் தெரிகிறது. அந்த ரெசிடென்சிக்குள்ளேயே ஆராய்ச்சிக்குச் சில மாதங்களை ஒதுக்கிக் கொடுக்க, அவர்களின் தேசிய நரம்பியல் நிறுவனம் சில துறைகளுக்குப் பணம் தருகிறது. கடைசி வருஷத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கி, அடுத்து வரும் ஃபெலோஷிப் (உட்பிரிவுப் பயிற்சி) காலத்துக்கும் அதை நீட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

நண்பர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. நாலு வருஷத்தில் ஆராய்ச்சி முடிவதில்லை, தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஃபெலோஷிப், அப்புறம் ‘கே 08’, ‘கே 23’ என்று ஐந்து வருஷம்வரை நீளும் நல்கைகள். அவற்றில் பெரும்பாலும் வேலை நேரத்தின் 75 சதவீதம் ஆராய்ச்சிக்கே என்று எழுத்தில் இருக்கும். நான் திரும்பத் திரும்பச் சொல்லும் காகிதம் அதுதான். அந்த இரண்டுக்கும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேண்டும். மாணவப் பருவத்திலேயே எம்.டி.-பிஎச்.டி. (அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படைப் பட்டம்) இரண்டையும் சேர்த்து முடிக்கும் அவர்களின் திட்டம் 1964-லிருந்து நடக்கிறது, ஏழெட்டு வருஷம் ஆகும். அப்படி வந்தவர்களோடுதான் நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் போனால் பயிற்சி முடிந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த விசாவுக்கு நம் மத்திய சுகாதார அமைச்சகத்திலிருந்து ஒரு சான்றும் வாங்க வேண்டும்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போவதானால் இப்போதைய எம்.டி.யைப் பாதியில் விடப்போகிறீர்களா, அதற்கு பாண்டுத் தொகை (இடையில் விட்டால் கட்டுவதாக எழுதிக்கொடுத்த பணம்) எவ்வளவு, அந்தப் பணத்துக்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மருத்துவ மேற்படிப்பு பாண்டுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுதியில் யாராவது தைரியம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள்.

சனிக்கிழமைப் பையன்

உங்கள் கடிதத்தில் ஆராய்ச்சி என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் பக்கத்தில் எலியும் நுண்ணோக்கியும் வருகின்றன. அந்த வழி பிடித்திருந்தால் தென்னிந்தியாவிலேயே இடம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) 1995-லிருந்து மூளைத் திசு வங்கி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2022-ல் மூளைக்கென்றே ஒரு மையம் தொடங்கி, மனித மூளையைச் செல் அளவில் படமெடுத்து வரைபடம் ஆக்குகிறார்கள். ஆனால் எங்களைப் போன்ற எல்லைப்புறத்து ஆட்களுக்கு ஆராய்ச்சி ஓ.பி. வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிவந்தார். வலிப்பு சனிக்கிழமை மட்டும் வருகிறது. மற்ற ஆறு நாளும் பையன் வெயிலில் பந்து ஆடுகிறான், ஒன்றுமில்லை. சனி பிடித்திருக்கிறது என்று ஊரில் சொல்ல, எள் தீபம் போட்டு, திருநள்ளாறு வரை போய்வந்துவிட்டார்கள். நான் இ.இ.ஜி.க்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். என்னோடு உட்கார்ந்திருந்த பயிற்சி மருத்துவர், உங்கள் வயதுப் பெண், கேட்டார்: “சனிக்கிழமை காலையில வீட்டுல என்னம்மா நடக்கும்?”

தாய் சொன்னார். விறகடுப்பில் அண்டா கொதிக்கும். பையன் தலையில் நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, மணைப்பலகையில் உட்காரவைத்து, சீயக்காய் தேய்த்து, ஆவி பறக்கும் தண்ணீரைச் சொம்பு சொம்பாக உச்சியில் ஊற்றுவார். மூன்றாவது அல்லது நாலாவது சொம்பில் பையன் பேச்சு நிற்கும், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், கை வெட்டும்.

அது வெந்நீர் வலிப்பு. சூடான தண்ணீர் தலையில் விழுவதே தூண்டுகோலாகும் ஒரு வகை வலிப்பு நோய். உலகிலேயே தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியிருக்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பல ஆண்டு அதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடும். சிலருக்குக் குளிப்பதற்கு முன் மட்டும் ஒரு மாத்திரை கொடுப்பதுண்டு. பையனுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதுமாக இருந்தது. தாய்க்குத்தான் கொஞ்சம் வருத்தம், எண்ணெய்ப் பிசுக்கு சரியாகப் போவதில்லை என்று.

அந்தப் பெண் கேட்டது ஆராய்ச்சியின் முதல் வரி. இரண்டாவது வரி, இந்தத் தாலுகாவில் இன்னும் எத்தனை சனிக்கிழமைப் பையன்கள் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்குவது. அதற்கு ஒரு நோட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, வாரத்தில் அரை நாள் வேண்டும். நான் மருந்துச் சீட்டு எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்திக்கொள்ளாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வேலூர் உதாரணம். சி.டி. ஸ்கேன் பரவிய 1980களில், வலிப்போடு வரும் இளைஞர்களின் மூளையில் சின்னதாக ஒரு வளையம் தெரியும். மூளைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வளையம் மறைந்துவிடும், மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி. வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜசேகர் முதலிய அறுவை மருத்துவர்கள் அந்தக் கட்டியையே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலும் உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1989-ல் ‘லான்செட்’ இதழில் அதை எழுதினார்கள். எந்தக் கட்டி புழு, எந்தக் கட்டி காசநோய் என்று ஸ்கேனிலேயே பிரித்துச் சொல்லும் அடையாளங்களையும் அவர்களே பின்னர் கொடுத்தார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையின் நடுக்கோடு தள்ளப்பட்டிருக்கிறதா என்பவை அவற்றில் முக்கியம். இன்று நீங்கள் வார்டில் ஸ்கேனை விளக்குக்கு நேரே பிடித்துச் சொல்லும் வாக்கியம், தினமும் அறுவை அரங்கில் நின்றவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

உங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்று 1998-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ஒவ்வொரு பெண்ணாக, எந்த மருந்து, எவ்வளவு அளவு, குழந்தை எப்படிப் பிறந்தது, வளர்ந்தபோது எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையால் குழந்தைக்கு வரும் அபாயத்தை நம் ஊர்ப் பெண்களின் விவரத்தை வைத்தே பேச முடிந்தது அந்தப் பொறுமையால். எலி ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே டி.எம்.முக்கு இடம் தேடும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்ரீசித்திரை, நிம்ஹான்ஸ், ஜிப்மர், எய்ம்ஸ் எல்லாவற்றுக்கும் ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். தேர்வு, மற்ற இடங்களுக்கு நீட்-எஸ்.எஸ். அந்தத் துறையில் கடந்த ஐந்து வருஷத்தில் வந்த கட்டுரைகளை எடுத்து, முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். ரெசிடென்ட்களின் பெயர் முதலில் இருந்தால் அங்கே வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். பேராசிரியர் பெயரே எப்போதும் முதலில் இருந்தால் உங்களுக்கே புரியும்.

தீசிஸ், அப்புறம் அந்த ‘எழுதித்தரும் ஆள்’

வேண்டாம். நேர்மைக்காகவும் வேண்டாம், உங்கள் லாபத்துக்காகவும் வேண்டாம். சைக்கிள் ஓட்டப் பழகும்போது உங்களுக்குப் பதிலாக வேறொருவர் விழுந்து எழுந்தால் யாருக்குப் பழகும்?

தலைப்பு பிடிக்கவில்லை என்கிறீர்கள். சர்க்கரை நோயாளிகளின் நரம்புப் பாதிப்பு பற்றியது, ‘ஆயிரம் பேர் செய்தது’ என்று சலித்திருக்கிறீர்கள். ஆயிரம் பேர் செய்தது பழகுவதற்கு நல்லது. மாதிரி அளவை எப்படிக் கணக்கிடுவது, ஒப்புதல் படிவத்தை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எப்படி விளக்குவது, இருபதாவது நோயாளியில் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனது தெரிந்தால் என்ன செய்வது, இதெல்லாம் சலித்த தலைப்பிலும் ஒன்றுதான். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம். அதை ராத்திரி வேகமாக ஓட்டிவிட்டுச் சான்றிதழ் எடுக்காதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. உங்கள் ஆய்வு மருந்தோ வேறு சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் வகை என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். சேர்த்த பிறகு போனால், 2018 ஏப்ரலிலிருந்து அவர்கள் ஏற்பதில்லை.

தமிழ் வழிப் பயத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு மூதாட்டி தனக்குப் பல வருஷமாகச் ‘சுழலி’ என்று சொல்லியிருக்கிறார். தமிழ் மட்டும் தெரிந்த யாரோ அதைத் தலைசுற்றல் என்று எழுதி, தலைசுற்றல் மாத்திரையே ஓடிக்கொண்டிருந்தது. மலையாளத்தில் சுழலி என்றால் வலிப்பு நோய். உங்கள் தாலுகாவில் பிறந்த எவருக்கும் அது தெரியும். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதை இரண்டு வருஷத்தில் பழகிவிடலாம், பத்திரிகைகளில் திருத்தித்தர ஆள் இருக்கிறார்கள். மூன்று பாஷையில் நோயாளி சொல்வதைக் கேட்டுக் குறிக்கும் காதை எங்கே போய் வாங்குவது?

கேட்டு வாங்க வேண்டியவை

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளில் வாரம் ஒரு நாள் விடுப்பு (பணி நெருக்கடி இல்லாதபோது), வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு, கல்வி விடுப்பு 5 நாள் என்று இருக்கிறது. அந்த 5 நாளைக் கேட்டு வாங்கி, ஒரு நல்ல ஆய்வுப் பயிலரங்குக்குப் போங்கள். சண்டை வேண்டாம். விதியின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்தால் பல இடங்களில் குரல் தானாகத் தணியும்.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை வேலை தொடங்குமுன் பேசிவிடுங்கள். திட்டமிட்டதிலோ விவரம் சேர்த்து ஆராய்ந்ததிலோ கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு, இந்த நாலும் இருந்தால்தான் ஆசிரியர் என்று சர்வதேச மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழு வகுத்திருக்கிறது. பேசிய அன்றே வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல்: ‘இன்று நாம் பேசியபடி...’ என்று தொடங்குங்கள், போதும். என் தீசிஸ் விவரங்கள் வேறு இருவர் பெயரில் அச்சானபோது என்னிடம் அந்த ஒரு மின்னஞ்சல் இல்லை.

டி.எம். முடித்து வேலைக்குச் சேரும்போதும் இதேதான். நியமனக் கடிதத்தில் ஆராய்ச்சிக்கு எத்தனை நாள் என்பது எண்ணாக இருக்க வேண்டும். ‘ஊக்குவிக்கப்படும்’ என்ற சொல் இருந்தால் அதற்கு பூஜ்யம் என்று அர்த்தம்.

வரன் வீட்டார் கேள்வி

இது என் துறை இல்லை, ஆனால் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமா படிப்பா என்று முடிச்சுப் போட வேண்டியதில்லை. மகப்பேறு விடுப்பு முதுநிலை மாணவிகளுக்கும் உண்டு. அந்த நாட்களுக்கு ஈடாகப் பயிற்சிக் காலம் நீளக்கூடும், தீசிஸும் தேர்வும் தள்ளிப்போகலாம். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் வருகைப்பதிவுச் சிக்கல் குறையும். என்னோடு டி.எம். படித்த ஒருவர் கடைசி வருஷத்தில் பிரசவித்து, ஆறு மாதம் தாமதமாகத் தேர்வெழுதி, இன்று எங்கள் எல்லோரையும்விட நல்ல நரம்பியல் மருத்துவர்.

அடுத்து வருகிறவர்களும் ‘இன்னும் எத்தனை வருசம்’ என்று கேட்பார்கள். அப்பாவை மழுப்பாமல் சொல்லச் சொல்லுங்கள்: டி.எம். முடிய ஆறு வருஷம், அதில் கடைசி மூணு வருஷம் ராத்திரி போன் வரும், மாதாமாதம் உதவித்தொகை வரும், அதற்குப் பிறகும் பொண்ணு படித்துக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் காபி குடித்துவிட்டே போகட்டும்.